வெட்டும் ஒட்டும்: ஒரு ஸ்டிக்கர் வரலாறு

மழைக்கால ஞாயிற்றுக்கிழமை. காலை பதினோரு மணிக்கு காலிங் பெல். திறந்தால் மூன்றாம் மாடித் தங்கை. அவருக்குக் கோவில்பட்டிப் பக்கம், எனக்குச் சாத்தூர். அதனால் டோம்பிவிலிக்கு வந்த நாள் முதல் நான் அண்ணன், வீட்டுக்காரம்மா மதினி. கையில் பளபளவென்று ஒரு மெஷின் கேட்லாக்.

"அண்ணே, லோனுக்கு என்னென்ன பேப்பர் வேணும்னு சொல்லுங்க. ஸ்டிக்கர் மெஷின் வாங்கப் போறேன். பிரிண்ட்டும் அதுவே அடிச்சுரும், வெட்டவும் செஞ்சுரும்."

"எவ்வளவும்மா?"

"நாலு லட்சம்ணே. பத்தலைன்னா நகையை வச்சுக்கலாம்னு இருக்கேன்."

அவர் இரண்டு வருடமாக வீட்டிலிருந்தே ஸ்டிக்கர் செய்கிறார். நம் ஆட்கள் வீட்டில் போடும் இட்லிப் பொடிக்கும் ஊறுகாய்க்கும் லேபிள், நவராத்திரிக்குத் தாம்பூலப் பை ஸ்டிக்கர், பள்ளி திறக்கும் ஜூன் மாதம் பிள்ளைகளின் நோட்டுக்குப் பெயர் லேபிள். சாதாரண இங்க்டேங்க் பிரிண்டரில் அடித்து, ராத்திரி பன்னிரண்டு மணி வரை கத்தரிக்கோலால் வெட்டுகிறார். கட்டைவிரலில் காய்ப்பு விழுந்திருக்கிறது.

அதைப் பார்த்ததும் எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. "ஒரு வாரம் பொறும்மா, சொல்றேன்" என்று அனுப்பி வைத்தேன். பேப்பர் லிஸ்ட் சொல்ல ஒரு வாரம் எதற்கு என்று மதினி முறைத்தார். காரணம் இருக்கிறது. ஸ்டிக்கர் மெஷின் விஷயத்தில் நான் ஏற்கெனவே ஒரு முறை சூடு பட்டவன். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்த ஒரு வாரத்தில் நான் படித்த, யோசித்த கதை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கத்தரிக்கோலோடு வந்த தபால்தலை

அச்சடித்த சின்னக் காகிதம், பின்னால் பசை. அப்படிப் பார்த்தால் உலகம் முழுக்கப் பரவிய முதல் ஸ்டிக்கர் தபால்தலைதான். 1840-ல் பிரிட்டனில் வந்த 'பென்னி பிளாக்' ஒரு தாளுக்கு 240 தலைகள். பசை தடவியே கொடுத்தார்கள், ஆனால் நடுவில் ஓட்டை கிடையாது. போஸ்ட் ஆபீஸ்காரர் கத்தரிக்கோல் எடுத்து ஒவ்வொன்றாக வெட்டித்தான் கொடுக்க வேண்டும். மூன்றாம் மாடித் தங்கையின் பிரச்சினை அப்போதே தொடங்கிவிட்டது!

இதற்கு வழி கண்டவர் ஹென்றி ஆர்ச்சர் என்ற அயர்லாந்துக்காரர். 1840-களின் கடைசியில் முயற்சியை ஆரம்பித்தார். முதலில் செய்த மெஷின் கத்தியால் கீறியது, சரிப்படவில்லை. பிறகு ஊசி வரிசையால் துளை போடும் மெஷினுக்கு மாறினார். 1853-ல் பிரிட்டிஷ் அரசு அவருடைய உரிமையை 4,000 பவுனுக்கு வாங்கிக்கொண்டது. 1854-ல் துளையிட்ட தலைகள் புழக்கத்துக்கு வந்தன.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்தக் காலத்தில் தாளை ஈரப்படுத்தித்தான் அச்சடிப்பார்கள். காய்ந்ததும் தாள் சுருங்கும். எல்லாத் தாளும் ஒரே அளவில் சுருங்காது. துளைபோடும் மெஷினோ ஒரே அளவில்தான் குத்தும். விளைவு, ராணியின் தலைக்கு மேலேயே ஓட்டை விழுந்த தலைகள் ஏராளம். அச்சு ஒரு பக்கம், வெட்டு ஒரு பக்கம். இந்த இரண்டையும் ஒன்றாக உட்கார வைப்பதுதான் அன்று முதல் இன்று வரை இந்தத் தொழிலின் ஒரே தலைவலி. மும்பை மழைக்காலத்தில் ஸ்டிக்கர் பேப்பர் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது நன்றாகவே புரியும்.

நம் நாட்டிலும் ஒரு உதாரணம் உண்டு. 1854-ல் கல்கத்தாவில் அடித்த நாலணா தலையில் இரண்டு நிறம். சிவப்புச் சட்டம் தனியாக, நீலத் தலை தனியாக, இரண்டு முறை அச்சடிக்க வேண்டும். இரண்டாம் முறை தாளைத் திருப்பி வைத்துவிட்டதால் ராணி தலைகீழாக நிற்கும் சில தலைகள் வெளியே வந்துவிட்டன. இன்று அவை ஏலத்தில் பெரும் விலைக்குப் போகின்றன. ஊறுகாய் லேபிளில் அதே தப்பு நடந்தால் வாடிக்கையாளர்தான் போவார்.

அம்மாவின் மைதாப் பசை

இனி எங்கள் ஊர்ப் பக்கம். 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்க கல்கத்தா போய், அடுத்த வருடம் திரும்பி வந்து தொழில் தொடங்கிய கதை நம்மில் பலருக்குத் தெரியும். தீப்பெட்டி என்றால் லேபிள் வேண்டும், லேபிள் என்றால் அச்சகம் வேண்டும். இன்று காலண்டருக்கும் டைரிக்கும் பேர்போன சிவகாசி அச்சுத்தொழிலுக்கு அந்தச் சின்ன லேபிள்தான் பிள்ளையார் சுழி.

அந்த லேபிளில் ஒட்டும் பசை கிடையாது. ஒட்டுவதற்கென்று வீடுவீடாகக் கைகள் இருந்தன. எண்பதுகளின் கடைசியில் எங்கள் அம்மாவும் அந்தக் கைகளில் ஒருவர். ஒரு கிண்ணத்தில் மைதாப் பசை, பக்கத்தில் லேபிள் கட்டு. கூலி குரோஸ் கணக்கு, அதாவது 144 பெட்டிக்கு இவ்வளவு என்று. மெஷின், அச்சு, சரக்கு எதுவும் அம்மாவுடையது இல்லை. கை மட்டும் அவருடையது. நான் பி.காம். படித்ததில் அந்தப் பசைக்கும் பங்கு உண்டு.

காதலி கொடுத்த நூறு டாலர்

பசையையும் லேபிளோடு சேர்த்தே விற்கலாம் என்று அமெரிக்காவில் தொழிலாக்கிக் காட்டியவர் ஸ்டான்டன் ஏவரி. வருடம் 1935, இடம் லாஸ் ஏஞ்சல்ஸ். ஊரே பொருளாதார மந்தத்தில் கிடந்த காலம். முதலீடு, கட்டிக்கொள்ளப் போகும் பெண் டாரத்தி டர்ஃபீ கொடுத்த 100 டாலர் கடன். வாஷிங் மெஷின் மோட்டார், தையல் மெஷின் பாகங்கள் என்று கிடைத்ததை வைத்து மெஷினைத் தானே கட்டினார். அன்பளிப்புப் பொருள் கடைகளில் ஒட்டும் விலைச் சீட்டுதான் முதல் சரக்கு. உரித்தால் கறை இல்லாமல் வரும் என்பது விளம்பரம். இன்று உலகம் முழுக்க லேபிள் விற்கும் ஏவரி டென்னிசன் கம்பெனியின் வேர் அதுதான்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது வெட்டும் முறை. மேலே லேபிள், நடுவில் பசை, அடியில் மெழுகுத்தாள் போன்ற ஒரு தாள். கத்தி மேல் தாளை மட்டும் வெட்ட வேண்டும், அடித்தாளைத் தொடக்கூடாது. நம் ஊர் ஸ்டிக்கர் கடைகளில் இதைத்தான் 'ஹாஃப் கட்' என்கிறார்கள். அடித்தாளையும் சேர்த்து வெட்டினால் 'ஃபுல் கட்'. ஹாஃப் கட் போட, லேபிளின் வடிவத்துக்கே வளைத்த இரும்பு அச்சு வேண்டும். அதன் பெயர் டை. ஒரு வடிவத்துக்கு ஒரு டை. லட்சக்கணக்கில் அடிப்பவனுக்கு அது லாபம். ஐம்பது ஊறுகாய் பாட்டிலுக்கு லேபிள் கேட்கும் மாமிக்காக யார் டை செய்வார்கள்? அதனால்தான் சின்ன ஆர்டர் என்பது பல காலம் கத்தரிக்கோல் வேலையாகவே இருந்தது.

கத்தி தானாக நகர்ந்த நாள்

டையை ஒழித்துக்கட்டியவர்களில் முக்கியமானவர் ஜோசப் கெர்பர். வியன்னாவில் 1924-ல் பிறந்தவர், நாஜிகளிடமிருந்து தப்பி 1940-ல் அமெரிக்கா வந்த யூதப் பையன். காலேஜில் படிக்கும்போது பைஜாமா இடுப்பு எலாஸ்டிக்கை உருவி, இழுத்தால் நீளும் ஒரு அளவுகோல் செய்தார். அதுதான் அவருடைய முதல் சரக்கு. பிறகு துணியைக் கம்ப்யூட்டர் சொல்படி வெட்டும் மெஷின். 1983-ல் அவர் கம்பெனி கொண்டுவந்த 'சைன்மேக்கர் 3' என்ற மெஷின், எழுத்தை டைப் செய்தால் வினைல் ஷீட்டில் அதை வெட்டிக் கொடுத்தது. கத்தி ஒன்றுதான், வடிவம் எதுவாகவும் இருக்கலாம்.

அதே வழியில் ஜப்பானிலிருந்து ரோலண்ட், கிராஃப்டெக், மிமாகி என்று வரிசையாகக் கட்டிங் பிளாட்டர்கள் வந்தன. நம் ஊர் ரேடியம் கடைகள் இந்த மெஷினை வைத்துத்தான் வளர்ந்தன. (அந்த ஸ்டிக்கரில் ரேடியம் துளியும் கிடையாது. நுண்ணிய கண்ணாடி மணிகள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகின்றன, அவ்வளவே.) அதற்கு முன் ஸ்கேல் வைத்து, பிளேடால் நம்பரை வெட்டிய ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் கைவேலையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஆனால் பிளாட்டருக்கு ஒரு நிறம்தான். சிவப்பு வினைல் போட்டால் சிவப்பு எழுத்து. அச்சடித்த படத்தைச் சுற்றி வெட்டு என்றால் அதற்குத் தெரியாது, ஏனென்றால் அதற்குக் கண் இல்லை. மறுபடியும் ஆர்ச்சரின் பிரச்சினை. இதற்கு மூன்று வழிகள் வந்தன.

முதல் வழி, ஓரத்தில் துளை. தொண்ணூறுகளில் வந்த கெர்பர் 'எட்ஜ்' பிரிண்டரில் வினைலின் இரண்டு ஓரத்திலும் சினிமா ஃபிலிம் போலத் துளை இருக்கும். பிரிண்டரும் கட்டரும் அதே துளைகளைப் பிடித்து இழுப்பதால் அச்சும் வெட்டும் ஒத்துப்போகும். குறை, துளையுள்ள அந்த வினைலைத்தான் வாங்கியாக வேண்டும்.

இரண்டாம் வழி, ஒரே மெஷினில் இரண்டு வேலை. ரோலண்ட் 1995-ல் கொண்டுவந்த 'கலர்கேம்' அடித்த ஷீட்டை வெளியே எடுக்காமலே வெட்டியது. 2003-ல் வந்த 'வெர்சாகேம்' எக்கோ சால்வென்ட் மையில் அடித்து, வெட்டவும் செய்தது. 2011-ல் மேஜை மேல் வைக்கும் 20 அங்குல 'பிஎன்-20' வந்தது. தங்கை கொண்டுவந்த கேட்லாக் இந்த வம்சத்து வாரிசு.

மூன்றாம் வழி, கட்டருக்குக் கண் வைப்பது. எந்தப் பிரிண்டரில் வேண்டுமானாலும் அடியுங்கள், மூலைகளில் கருப்புக் குறிகளையும் சேர்த்து அடியுங்கள். கட்டரில் உள்ள சென்சார் அந்தக் குறிகளைப் படித்து, தாள் கோணலாக இருந்தாலும் சுருங்கியிருந்தாலும் கணக்குப் போட்டுத் திருத்திக்கொண்டு வெட்டும். 1854-ல் ஆர்ச்சருக்குக் கிடைக்காத வசதி! பெரிய பிளாட்டர்களில் இருந்த இந்த வசதி, பிறகு சில்ஹவுட், கிரிகட் மாதிரியான வீட்டு மெஷின்களுக்கும் இறங்கி வந்துவிட்டது.

நான் கையெழுத்துப் போட்ட ஒரு கடன்

இப்போது அந்தச் சூடுபட்ட கதை.

சில வருடங்களுக்கு முன் நான் இருந்த கிளையில் ஒரு ரேடியம் கடைக்காரர் கடன் கேட்டு வந்தார். நம்ம ஊர்க்காரர்தான். கடையில் எப்போதும் பைக் நிற்கும். வரவு செலவு எல்லாம் நேராக இருந்தது. 2018-ல் இருந்த பிளாட்டரை விற்றுவிட்டுப் பெரிய மெஷின் வாங்கினார். கடனைப் பரிந்துரை செய்து கையெழுத்துப் போட்டவன் நான். அவருடைய வருமானத்தில் பெரும்பகுதி எதிலிருந்து வருகிறது என்று கேட்டேன். நம்பர் பிளேட் என்றார். எழுதிக்கொண்டேன். அடுத்த கேள்வியை நான் கேட்கவில்லை.

2019 ஏப்ரல் 1 முதல் தயாராகும் புது வண்டிகள் எல்லாவற்றுக்கும் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டைக் கம்பெனியே கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அலுமினியத் தகட்டில் எழுத்து புடைத்து வரும் பிளேட். அதில் ரேடியம் கடைக்கு வேலை இல்லை. அந்த அறிவிப்பு ஒன்றும் ரகசியம் இல்லை, பேப்பரில் வந்ததுதான். அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. அதற்கு அடுத்த வருடம் கொரோனா. கணக்கு வராக்கடன் ஆனது. மெஷினை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். மெஷினில் ஒரு குறையும் இல்லை, கடைசி நாள் வரை நூல் பிடித்தமாதிரி வெட்டியது. கடன் ஃபைலில் எல்லாப் பேப்பரும் சரியாக இருந்தது. அந்த ஃபைலை நினைத்தால் இன்றும் எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

மூன்றாம் மாடிக்குச் சொன்னது

அடுத்த ஞாயிறு தங்கையையும் மாப்பிள்ளையையும் காப்பிக்குக் கூப்பிட்டு, பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினேன். விலை, வட்டி எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

4 லட்சம் கடன், 11 சதவிகித வட்டி, 5 வருடம். மாதத் தவணை சுமார் 8,700 ரூபாய். பேப்பர், மை, கரண்ட் போக ஒரு ஏ4 தாளுக்கு 15 ரூபாய் நிற்கிறது என்று வையுங்கள். தவணை கட்ட மட்டுமே மாதம் 580 தாள். 26 நாள் வேலை என்றால் தினமும் 22 தாள். அதற்கு மேல் அடிப்பதுதான் வீட்டுக்கு.

இன்னொரு பக்கம், கையில் இருக்கும் பிரிண்டரோடு கண் உள்ள ஒரு சின்னக் கட்டர், ஒரு லேமினேஷன் மெஷின். எல்லாம் 50,000-க்குள் என்று வையுங்கள். அதே வட்டி, 3 வருடம். தவணை சுமார் 1,640. மாதம் 110 தாள், தினமும் நாலைந்து. 2015-ல் வந்த முத்ரா திட்டத்தில் 'சிஷு' பிரிவு 50,000 வரை, அடமானம் கேட்கக்கூடாது. நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

"இப்ப நாளைக்கு எத்தனை தாள் போகுதும்மா?"

விரல் விட்டு எண்ணினார். "சராசரி ஆறு ஏழு இருக்கும்ணே. நவராத்திரிக்கு முப்பது கூடப் போகும்."

"அப்ப நவராத்திரிக்காக வருஷம் முழுக்கத் தவணை கட்டப் போறியா?"

மாப்பிள்ளைதான் கேட்டார், "அண்ணாச்சி, பெரிய மெஷின் தரமா இருக்குமே?" நியாயமான கேள்வி. சால்வென்ட் மை வெயிலையும் மழையையும் தாங்கும். ஸ்கூட்டரில், கடைக் கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கருக்கு அதுதான் சரி. ஆனால் அந்த மெஷின் தினமும் ஓட வேண்டும். நாள்கணக்கில் சும்மா விட்டால் ஹெட்டில் மை காய்ந்து அடைக்கும், ஹெட் மாற்றும் செலவு பயமுறுத்தும். அடித்த ஷீட்டையும் ஒரு நாள் ஆறப்போட்டுத்தான் லேமினேஷன் செய்ய வேண்டும். ஒரே மெஷின் என்பதால் பிரிண்டர் படுத்தால் கட்டரும் சேர்ந்து படுக்கும். தனித்தனியாக இருந்தால், பிரிண்டர் கெட்ட அன்று வெளியே அடித்து வந்து வீட்டில் வெட்டிக்கொள்ளலாம்.

சின்ன மெஷினுக்கும் குறை உண்டு, மறைக்கக்கூடாது. குறிகளுக்காகத் தாளின் நாலு ஓரமும் வீணாகும். பளபளப்பான லேமினேஷன் குறியின் மேல் இருந்தால் சென்சார் தடுமாறும், மேட் ஃபிலிம் தேவலை. இன்னொரு விஷயம் சாஃப்ட்வேர். கிரிகட் ஆரம்ப காலத்தில் கார்ட்ரிட்ஜில் விற்ற டிசைன்களை நம்பித்தான் ஓடியது. 2021 மார்ச்சில், சந்தா கட்டாதவர்கள் மாதம் 20 டிசைனுக்கு மேல் ஏற்ற முடியாது என்று அறிவித்து, வாங்கியவர்கள் போட்ட சத்தத்தில் பின்வாங்கியது. ஆகவே மெஷின் விலையோடு சேர்த்து, சாஃப்ட்வேர் யார் கையில், சந்தா இல்லாமல் ஓடுமா, கத்தியும் பாயும் வேறு கம்பெனியில் கிடைக்குமா என்றும் கேட்க வேண்டும்.

கடைசியாக, ரேடியம் கடைக்காரரிடம் நான் கேட்காத கேள்வியைத் தங்கையிடம் கேட்டேன். "உன் வருமானத்துல பாதிக்கு மேல ஒரே வேலையில இருந்து வருதா?" பொடி, ஊறுகாய் லேபிள்தான் பாதிக்கு மேல் என்றார். அந்த வேலை நாளைக்கே நிற்காது என்றாலும், ஸ்கூல் லேபிளையும் விசேஷ ஸ்டிக்கரையும் கொஞ்சம் வளர்க்கச் சொன்னேன். நவராத்திரிக் கூட்டத்துக்குப் பெரிய மெஷின் வைத்திருப்பவரிடம் ஜாப் ஒர்க் கொடுத்துவிடலாம். தினமும் இருபது தாள், ஆறு மாதம் விடாமல் போனால் அந்த கேட்லாக்கை மறுபடி எடுத்து வரட்டும், பேப்பர் லிஸ்ட்டை நானே எழுதிக் கொடுக்கிறேன்.

வாங்கப் போன அன்று நானும் கூடப் போனேன். ஒரே ஒரு யோசனைதான் சொன்னேன். கடைக்காரர் காட்டும் டெமோவைப் பார்க்காதே, உன் டிசைனை, உன் பேப்பரில், பத்துத் தாள் வெட்டச் சொல். முதல் தாள் எல்லா மெஷினிலும் நன்றாகத்தான் வரும். பத்தாவது தாளின் கடைசி மூலையைப் பார். முதலில் பார்த்த மெஷின் அங்கே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகியது. இரண்டாவது மெஷின் விலகவில்லை. விலை கொஞ்சம் கூட, ஆனாலும் அதையே வாங்கினார்.

இந்த வாரம் ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். மூன்றாம் மாடிக்குக் கூட்டிப்போய் மெஷினைக் காட்டினேன். கத்தி ஓடி ஓடி வட்டம் வட்டமாக வெட்டுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு லேபிளை உரித்துத் தன் உள்ளங்கையில் ஒட்டிப் பார்த்தார். பிறகு தங்கையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏத்தா, இது கூலி வேலையா, உன் சொந்தமா?"

"சொந்தம்தான் பெரியம்மா. முப்பத்தாறு தவணை, ரெண்டு கட்டியாச்சு."

அம்மா தலையாட்டிவிட்டு, கீழே விழுந்து கிடந்த வெட்டுத் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார்.

கொசுறு: உங்கள் வீட்டிலும் யாராவது இந்தத் தொழிலில் இறங்க நினைத்தால், மெஷின் பார்க்கும் முன் மூன்று மாத ஆர்டரை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். பேங்க்கில் என்னைப் போன்ற ஆசாமி கேட்காவிட்டாலும் நீங்களாகவே நீட்டுங்கள். அதைப் படித்தால் அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.